பழைய ஸ்டில் 038, 070 செயின்சா: எஞ்சின் பிரித்துக் கட்டுவதும் பார், செயின் பொருத்துவதும்

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்)

எல்லாருக்கும் வணக்கம். மாமா ஜொகூர் பாருவில் மகள் வீட்டோடு போய் இருக்கப் போகிறார். போகும்போது தன்னுடைய செயின்சா இரண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டார். ஒன்று ஸ்டில் 038, இன்னொன்று ஸ்டில் 070. எங்கள் பக்கம் கித்தா (ரப்பர்) மரத்தை எல்லாம் வெட்டிவிட்டு செம்பனை (எண்ணெய்ப் பனை) நட்டார்களே, அந்தக் காலத்தில் குத்தகை வேலையில் உழைத்த மெஷின்கள். இரண்டையும் தூக்கிப் போட எனக்கு மனசு இல்லை. ஓட வைத்து வேலைக்கு எடுக்க வேண்டும்.

038-இன் நிலைமை இது: காலையில் இழுத்தால் பிடிக்கும். ஐந்தாறு நிமிஷம் அறுத்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். சூடு ஆறும்வரை மறுபடி பிடிக்காது. கயிறு இழுக்க லேசாக இருக்கிறது. 070-இல் கயிறு நல்ல கனம், பிளக்கில் பொறியும் வருகிறது. ஆனால் பாரும் (செயின் சுற்றி ஓடும் நீட்டுத் தகடு) செயினும் இல்லை.

இன்னொரு சிக்கல். 038-க்கு டவுனில் ஒரு கடையில் “20 இஞ்ச் செயின்” என்று கேட்டு வாங்கினேன். மாட்டினால் பாரின் மூக்கில் உட்காராமல் மேலே ஏறி நிற்கிறது. இறுக்கினால் கையால் இழுக்கவே முடியவில்லை. தவறு பாரிலா, செயினிலா?

வேலை என்று பார்த்தால், சிறு தோட்டக்காரர்கள் இரண்டு மூன்று பேர் காற்றில் விழுந்த கித்தா மரங்களையும் பட்டுப்போன டுரியான் மரங்களையும் அறுத்துக் கொடுக்கச் சொல்கிறார்கள். விவரம் தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பழையபட்டறை (கோல கங்சார்)

தம்பி, முதலில் செயின் விஷயம். எஞ்சினைப் பிறகு பார்ப்போம்.

இஞ்ச் கணக்கை வைத்துச் செயின் வாங்கக் கூடாது. இஞ்ச் என்பது பார் வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்பதற்கு ஒரு சுமாரான பெயர், அவ்வளவுதான். செயினைத் தீர்மானிப்பவை மூன்று: பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் எண்ணிக்கை. டிரைவ் லிங்க் என்றால் பாரின் பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிற அடிப்பல்.

அந்தப் புதுச் செயினை மேசையில் நீட்டி வை. அடுத்தடுத்து மூன்று ரிவெட்டை எடுத்துக்கொள். முதல் ரிவெட்டின் நடுவிலிருந்து மூன்றாவதின் நடுவரைக்கும் வெர்னியரில் அள. அதில் பாதிதான் பிட்ச். மூன்று ரிவெட்டுக்கும் சேர்த்து 16.5 மி.மீ. வந்தால் .325 செயின். 18.6 வந்தால் 3/8. 20.5 வந்தால் .404. கண்ணால் பார்த்தால் .325-ம் 3/8-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். அளந்தால்தான் தெரியும்.

இந்தப் பிட்ச் மூன்று இடத்தில் ஒன்றாக இருக்க வேண்டும்: எஞ்சின் பக்கத்து ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பல்சக்கரம்), செயின், பார் மூக்கில் சுற்றும் சின்ன ஸ்ப்ராக்கெட். இதில் ஒன்று மாறினாலும் நீ சொல்வது போல ஏறி நிற்கும். ஏறி நிற்பதை இறுக்கி ஓட்டினால் இரண்டே நாளில் ஸ்ப்ராக்கெட், மூக்கு, செயின் மூன்றும் கெடும்.

அடுத்தது கேஜ். அது டிரைவ் லிங்கின் தடிமன். நம் பக்கம் கிடைப்பவை பெரும்பாலும் 1.3, 1.5, 1.6 மி.மீ. தடித்த செயின் மெல்லிய பள்ளத்தில் இறங்காது, அதனால் அது உடனே தெரிந்துவிடும். ஆபத்து எதிர்ப்பக்கம்தான். 1.5 செயினை 1.6 பாரில் போட்டால் சத்தமில்லாமல் ஓடும். ஆனால் செயின் ஒரு பக்கம் சாய்ந்து ஓடும், அறுப்பு வளையும், பாரின் ஓரம் தேயும். ஸ்டில் 3/8 பெரும்பாலும் 1.6. ஹஸ்க்வர்னா பாரில் 1.5 நிறைய வரும். மாற்றி மாட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

பாரின் வால் பக்கத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய். பெயிண்ட் போயிருந்தாலும் இரும்பில் குத்திய எண்கள் இருக்கும். பிட்ச், கேஜ், டிரைவ் லிங்க் மூன்றும் அங்கேயே எழுதியிருக்க வாய்ப்பு அதிகம். பார்த்துவிட்டு இங்கே போடு.

நேர்வழி (ஈப்போ)

இதற்கெல்லாம் போகிற நேரத்தில் ஒரு புது மெஷின் வாங்கிவிடலாம். 038 ஓடிய ஓட்டத்துக்கு அதற்குள் என்ன மிச்சம் இருக்கும்? ஆன்லைனில் 58 சிசி மெஷின் பார், செயின் எல்லாம் சேர்த்துக் கிடைக்கிறது. கெட்டால் இன்னொன்று. குத்தகைக்காரனுக்கு நேரம்தான் காசு.

பழையபட்டறை (கோல கங்சார்)

நேரம் காசு என்பது சரி. ஆனால் நீங்கள் சொல்லும் மெஷினும் 038-ம் ஒரே வேலைக்கு ஆனவை இல்லை. 038-இன் கிராங்க்கேஸ் மெக்னீசியம் வார்ப்பு. கிராங்க், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் நாள் முழுக்க அறுக்கிறவனை நினைத்துச் செய்தவை. இன்னொரு காரணமும் உண்டு. ஆசியாவில் விற்கிற எம்எஸ் 381, 038-இன் வழி வந்த மெஷின். அதனால் பாகங்கள் இன்னும் கிடைக்கின்றன. பாகம் கிடைக்கிற பழைய மெஷினைக் கட்டலாம், கிடைக்காததைக் கட்டக் கூடாது. என் கணக்கு அவ்வளவுதான்.

தம்பி, ஒரு பாகமும் இப்போது வாங்காதே. ஏன் நிற்கிறது என்று தெரிந்த பிறகுதான் கை பணப்பைக்குப் போக வேண்டும். சூடானதும் நிற்கிறது என்றால் எனக்கு மூன்று சந்தேகம். கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) போயிருக்கலாம். சூட்டில் இக்னிஷன் காயில் படுத்திருக்கலாம். டேங்க் மூச்சுவிடும் துளை அடைத்து பெட்ரோல் வராமல் இருக்கலாம். கடைசியைச் சோதிப்பது எளிது: நின்ற உடனே டேங்க் மூடியைத் திற, உஸ் என்று காற்று உள்ளே இழுத்தால் அதுதான். பிறகு சூடு ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பொறி வருகிறதா பார். பொறி இருந்தால் காயில் மேல் பழி இல்லை.

அதற்கப்புறம் சைலன்சரைக் கழற்று. அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து பிஸ்டனைப் பார். பத்து நிமிஷ வேலை, ஆனால் பாதிக் கதையை அது சொல்லிவிடும். எக்ஸாஸ்ட் பக்கம் செங்குத்தாகக் கோடு கோடாக உரசியிருந்தால் ஆயில் போதவில்லை, அல்லது எங்கிருந்தோ காற்று புகுந்து கலவை மெலிந்து சூடேறியிருக்கிறது. கார்புரேட்டர் பக்கம் மங்கலாகத் தேய்ந்திருந்தால் ஏர் ஃபில்டர் வழியாகத் தூசி போயிருக்கிறது. காரணம் வேறு வேறு, மருந்தும் வேறு வேறு.

கம்ப்ரஷன் கேஜ் கடன் வாங்கிப் போட்டுப் பார். ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஊசி ஏறாமல் நிற்கும்வரை இழு. இந்த அளவு மெஷினில் 150 பிஎஸ்ஐ-க்கு மேல் வந்தால் திருப்தி. 120-க்குக் கீழே என்றால் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 038-இல் மூன்று வகை உண்டு, வெளியே பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். சாதா 038 61 சிசி, பிஸ்டன் 48 மி.மீ. சூப்பர் 67 சிசி, 50 மி.மீ. மேக்னம் 72 சிசி, 52 மி.மீ. ஸ்டிக்கரை நம்பாதே. மூடிகள் கைமாறியிருக்கும். சிலிண்டரைக் கழற்றி அளந்த பிறகே பிஸ்டன் கேள்.

தாப்பா கடை அக்கா (தாப்பா)

நானும் வீட்டுக்காரரும் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிறோம். செயின் ரோலில் வாங்கி, வேண்டிய நீளத்துக்கு வெட்டி ரிவெட் அடித்துக் கொடுக்கிறோம். அதனால் இதில் என் பங்கும் கொஞ்சம் இருக்கிறது.

“அக்கா, 20 இஞ்ச் ஒன்னு” என்று வந்து நிற்கிறவர்கள்தான் அதிகம். 20 இஞ்ச் என்று எழுதிய பாருக்கு என்னிடம் எத்தனை விதமான செயின் தெரியுமா? ஸ்டில் 3/8 என்றால் 72 டிரைவ் லிங்க். .325 என்றால் 80 அல்லது 81. ஆன்லைனில் வரும் மலிவு மெஷின்களின் 20 இஞ்ச் பாருக்கு .325-இலேயே 76. எதைக் கொடுப்பது? பக்கத்துக் கடைகளில் அதிகம் ஓடுவது மலிவு மெஷின் செயின்தான், அதனால் கேட்காமல் .325-ஐத் தூக்கிக் கொடுத்துவிடுகிறார்கள். தம்பிக்கும் அதுதான் நடந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

எதிர்மாதிரியும் உண்டு. ஸ்டில் 25 இஞ்ச் என்று விற்கும் 3/8 பாருக்கு 84 டிரைவ் லிங்க். ஹஸ்க்வர்னா 24 இஞ்ச் பாருக்கும் 84. இஞ்ச் வேறு, எண்ணிக்கை ஒன்று. போன மாதம் ஒருவர் “24 இல்லை, எனக்கு 25தான் வேண்டும்” என்று என்னிடம் பிடிவாதம் பிடித்தார். இரண்டையும் ஆணியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்கவிட்டுக் காட்டினேன், பிறகுதான் ஒப்புக்கொண்டார்.

அதனால் கடைக்கு வரும்போது பழைய செயினை அப்படியே கொண்டு வாருங்கள். அறுந்திருந்தாலும் பரவாயில்லை. செயின் இல்லை என்றால் பாரையும் ஸ்ப்ராக்கெட்டையும் கொண்டு வாருங்கள். டிரைவ் லிங்கை எண்ணும்போது ஒன்றில் சுண்ணாம்போ நெயில் பாலிஷோ வைத்துக்கொண்டு எண்ணுங்கள், சுற்றிச் சுற்றி எண்ணிக் குழம்ப வேண்டாம்.

பார் வாங்குகிறவர்கள் வால் பக்கத்தையும் பார்க்க வேண்டும். போல்ட் போகிற நீண்ட வெட்டின் அகலம் பெரிய ஸ்டில் பாரில் 12 மி.மீ., பெரிய ஹஸ்க்வர்னாவில் 9. 038-க்கு 3003 என்று ஸ்டில் குறிக்கும் வால். 070-க்கு 3002. “எப்படியாவது மாட்டிக்கலாம் அக்கா” என்பார்கள். மாட்டலாம், போல்ட்டும் இறுகும். ஆனால் மெஷினிலிருந்து ஆயில் வரும் இடமும் பாரில் ஆயில் போகும் ஓட்டையும் நேருக்கு நேர் வராது. ஆயில் எல்லாம் மூடிக்குள்ளேயே வழிந்து சொட்டும், பார் காய்ந்து ஓடும். அப்படிக் காய்ந்து நீலம் பாய்ந்த பார்களைக் கடைக்கு எடுத்து வந்து “மட்டமான இரும்பு” என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கும். இரும்பு மேல் குற்றம் இல்லை, பாவம்.

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்)

அக்கா, அண்ணே, இரண்டு பேருக்கும் நன்றி. அளந்துவிட்டேன்.

புதுச் செயின் மூன்று ரிவெட்டுக்கு 16.5. டிரைவ் லிங்க் 81. ஆக .325. பாரைத் தேய்த்ததில் 3/8, 1.6, 72 என்று தெளிவாகத் தெரிகிறது. அக்கா சொன்னதுதான். செயினை இன்னும் ஓட்டவில்லை, கடையில் மாற்றிக்கொள்கிறேன்.

எஞ்சின்: நின்றதும் டேங்க் மூடியைத் திறந்தேன், காற்று இழுக்கவில்லை. சூட்டோடு பொறி பார்த்தேன், நன்றாக நீலமாக வருகிறது. கம்ப்ரஷன் 95-க்கு மேல் ஏறவில்லை. சைலன்சரைக் கழற்றினால் எக்ஸாஸ்ட் பக்கம் பிஸ்டன் முழுக்கக் கோடு. ரிங் ஒரு பக்கம் பள்ளத்துக்குள் ஒட்டிக்கொண்டு அசையவே இல்லை. பிளக் முனை வெள்ளை வெளேர் என்று இருக்கிறது. சிலிண்டரைக் கழற்றி அளந்தேன், 52 மி.மீ. அப்படியானால் மேக்னம்தானே? சிலிண்டர் சுவரில் வெள்ளிக் கோடுகள் அப்பியிருக்கின்றன, விரலால் தடவினால் மேடாகத் தட்டுப்படுகிறது. சிலிண்டர் செட்டாகவே புதுசு வாங்கிவிடவா?

செம்பனைமேடு (தெலுக் இந்தான்)

செட்டாக வாங்கிப் போடுங்கள், அரை நாளில் வேலை முடியும். நான் இரண்டு மெஷினுக்கு அப்படித்தான் செய்தேன், ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. பழைய சிலிண்டரைச் சுரண்டிக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு வாரம் போகும்.

பழையபட்டறை (கோல கங்சார்)

செட் போடுவது பாவம் இல்லை. ஆனால் பழைய ஒரிஜினல் சிலிண்டரின் உள்பூச்சு பிழைத்திருந்தால் அதை விடக் கூடாது என்பது என் கட்சி. மலிவுச் செட்டுகளில் போர்ட் (சிலிண்டர் சுவரில் இருக்கும் வாசல்) ஓரம் கத்தி போல இருக்கும், ரிங் அதில் மாட்டி உடைந்ததைப் பார்த்திருக்கிறேன். செட்தான் போடுவேன் என்றால் போர்ட் ஓரங்களை மெல்லிய உப்புத்தாளால் லேசாக மழுக்கிவிட்டுப் போடுங்கள்.

தம்பி, தட்டுப்படும் மேடு சிலிண்டர் உடைய காயம் இல்லாமல் இருக்கலாம். பிஸ்டனின் அலுமினியம் உருகி மேலே ஒட்டியது அது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைப் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்தக் கோட்டின் மேல் மட்டும் வை. அலுமினியம் நுரைத்துக் கரையும், உள்பூச்சு அப்படியே நிற்கும். நுரை நின்றதும் துடை, மறுபடி வை. போர்ட் ஓரத்தில் வெறும் அலுமினியம் இருக்கும், அங்கே சொட்டவிட்டால் அதையும் தின்னும். வெளியில், காற்றோட்டமாக, கையுறை, கண்ணாடியோடு செய். கிராங்க், பேரிங் பக்கத்தில் அமிலத்தைக் கொண்டு போகாதே. முடிந்ததும் நிறையத் தண்ணீரில் கழுவி, உலர்த்தி, உடனே ஆயில் பூசு. பிறகு நகத்தால் தடவிப் பார். வழவழப்பாக இருந்தால் பழைய சிலிண்டருக்கே புது பிஸ்டன் போதும். நகம் மாட்டினாலோ, பூச்சு செதிலாக உரிந்து கீழே வேறு நிறம் தெரிந்தாலோ செம்பனைமேடு சொன்னதைச் செய்.

இப்போது முக்கியமானதுக்கு வருகிறேன். வெள்ளைப் பிளக், எக்ஸாஸ்ட் பக்கத்துக் கோடு. இரண்டும் சேர்ந்தால் எனக்குக் காற்றுக் கசிவு என்றுதான் படுகிறது. கசிவை அடைக்காமல் புது பிஸ்டன் போட்டால் அதுவும் இதே கதிதான். நிறையப் பேர் பிஸ்டனை மாற்றிவிட்டு, “ஒரு மாசம்கூட ஓடலையே” என்று திரும்பி வருவது இதனால்தான்.

சிலிண்டரைப் பூட்டியதும், கார்புரேட்டரும் சைலன்சரும் போடுவதற்கு முன்னால், இரண்டு வாயையும் பழைய டியூப் ரப்பர் வைத்து அடை. உள்ளே 0.5 பார் (இந்தப் பார் காற்றழுத்த அளவு) காற்று ஏற்று. அழுத்தம் காட்டும் கேஜின் ஊசி இறங்காமல் நிற்கிறதா பார். சோப்புத் தண்ணீரை கேஸ்கட் ஓரத்திலும், இரண்டு பக்கத்து கிராங்க் சீல்களிலும் (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் வளையம்) தடவு. அதோடு நிறுத்தாதே. அடுத்து அதே 0.5 பார் வேக்குவம் இழுத்துப் பார். சீலின் உதடு உள்பக்கம் பார்த்திருப்பதால் உள்ளிருந்து தள்ளும் காற்றை அது இன்னும் இறுக்கிப் பிடிக்கும், நல்ல சீல் போலவே நடிக்கும். வெளிக்காற்று உள்ளே இழுபடும்போதுதான் குட்டு வெளிப்படும். எஞ்சின் ஓடும்போது ஒவ்வொரு சுற்றிலும் இந்த இரண்டுமே நடக்கிறது, அதனால் சோதனையும் இரண்டும் வேண்டும். கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் ரப்பர் குழாயையும் வளைத்து, விரித்துப் பார். நம் ஊர் வெயிலில் அது பாளம் பாளமாக வெடித்திருக்கும்.

பூட்டும்போது கவனிக்க வேண்டியது: பிஸ்டன் மேலே இருக்கும் அம்பு எக்ஸாஸ்ட் பக்கம் பார்க்க வேண்டும். ரிங்கின் இரண்டு முனையும் பள்ளத்தில் இருக்கும் குட்டி ஊசியை அணைத்தபடி உட்கார வேண்டும். பின் கிளிப் எப்போதும் புதுசு, அதன் வாய் நேர் மேலே அல்லது நேர் கீழே. பக்கவாட்டில் வைத்தால் பிஸ்டன் ஏறி இறங்கும் வேகத்தில் கிளிப் நழுவ வாய்ப்பு உண்டு. கிளிப் கழன்றால் சிலிண்டர் சுவரை உழுதுவிடும்.

கிளட்சைக் கழற்றினால் நினைவு வை, அது இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் அசையாமல் இருக்க பிளக் ஓட்டை வழியாகக் கயிறு விடு, இரும்பு எதையும் விடாதே.

மரவெட்டி பகாவ் (பகாவ்)

நல்ல இழை. எஞ்சினைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை. அறுப்பைப் பற்றிச் சொல்கிறேன்.

72 சிசிக்கு 20 இஞ்ச் பார் நாள் முழுக்கச் சுகமாக இழுக்கும். பெரிய டுரியான் அடிமரம் வந்தால் 25 போட்டுக்கொள்ளலாம், கை அழுத்தாமல் மெஷின் போக்கில் விட வேண்டும். அதற்கு மேல் நீளம் போட்டு வீரம் காட்டக் கூடாது. நீளம் கூடக் கூட மரத்துக்குள் ஒரே நேரத்தில் மாட்டும் பற்கள் கூடும், எஞ்சின் திணறும், கிளட்ச் வழுக்கிப் புகையும், ஆயில் பம்பும் மூக்குவரை ஆயில் கொண்டு சேர்க்க முடியாமல் தவிக்கும். 20 இஞ்சில் இரண்டு பக்கமும் மாற்றி அறுத்தால் பெரும்பாலான கித்தா மரம் முடிந்துவிடும்.

செயின் வகை: எங்கள் வேலைக்கு நான் எப்போதும் செமி சிசல்தான். ஃபுல் சிசல் சுத்தமான மரத்தில் வேகமாகப் போகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அதன் பல்லின் முனை கூர்மூலை. விழுந்து கிடக்கும் மரத்தில் மண் ஒட்டியிருக்கும். அந்த மூலை ஒரு தடவை மண்ணைத் தொட்டால் போச்சு. செமி சிசலின் வளைந்த மூலை கொஞ்சம் மெதுவாக அறுத்தாலும் நீண்ட நேரம் தாங்கும்.

செம்பனை மரம் அறுக்கக் கூப்பிட்டால் கூலியை யோசித்துப் பேசு தம்பி. பார்த்தால் பஞ்சு போல இருக்கும், ஆனால் அதன் நாரில் மணல்சத்து இருக்கிறது. செயின் சீக்கிரம் மழுங்கும். ஈர நார் கிளட்ச் மூடிக்குள் திணிந்து ஆயில் வழியை அடைக்கும். டேங்க் நிரப்பும்போதெல்லாம் மூடியைக் கழற்றி நாரைத் தோண்டி எடுத்துவிட்டு, பாரின் பள்ளத்தையும் ஆயில் ஓட்டையையும் சுத்தம் செய்தே ஆக வேண்டும். கித்தா மரத்தில் வேறு தொல்லை. பால் மரத்தூளோடு சேர்ந்து செயின் முட்டிகளில் ஒட்டிக் காயும். மாலையில் செயினைக் கழற்றிக் கொஞ்சம் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துடைத்து, ஆயில் போட்டு வைத்தால் மறுநாள் லகுவாக ஓடும்.

அரம்: 3/8-க்கு நான் 5.5 மி.மீ. உருண்டை அரத்தில் தொடங்குவேன், பல் பாதி தேய்ந்ததும் 5.2. கோணம் 30 பாகை. எல்லாப் பல்லுக்கும் ஒரே எண்ணிக்கைத் தள்ளல். ஒரு பக்கத்துப் பல் நீளமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் போனால் அறுப்பு ஒரு பக்கமாக வளைந்து போகும். பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் முன்னால் நிற்கும் ரேக்கர் (பல் கடிக்கும் ஆழத்தைக் கட்டுப்படுத்தும் மேடு) உயரமாகிவிடும், பல் மரத்தைத் தொடாது. ரேக்கர் பல்லைவிட 0.65 மி.மீ. தாழ்ந்து இருக்க வேண்டும். அதற்கென்று தகடு விற்கிறார்கள், வாங்கி வைத்துக்கொள். கண்மதிப்பில் அதிகமாகத் தேய்த்தால் மெஷின் கையை உதறும், தூக்கியடிக்கும். நல்ல செயின் சில்லு சில்லாகத் துப்பும். மாவாகக் கொட்டினால் தீட்டும் நேரம் வந்துவிட்டது.

செயின் ஆயிலுக்குப் பதிலாக லோரியிலிருந்து எடுத்த கறுத்த எஞ்சின் ஆயிலை ஊற்றுவது நம் தோட்டங்களில் வழக்கம். வேண்டாம். அதில் இரும்புத் தூள் இருக்கும், பம்பைத் தின்னும். நாள் முழுக்க அது உன் கையிலும் சட்டையிலும் தெறிக்கும், தோலுக்குப் பெரிய கேடு. அவசரத்துக்குச் சமையல் பாமாயில்கூட அதைவிட மேல், ஆனால் அதை டேங்கில் வாரக்கணக்கில் விட்டால் பிசினாகிவிடும்.

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்)

அண்ணே, பழையபட்டறை அண்ணன் சொன்னது அப்படியே நடந்தது. அமிலத்தில் கோடு கரைந்தது, சுவர் வழவழப்பாக இருக்கிறது, நகம் எங்கேயும் மாட்டவில்லை. 52 மி.மீ. பிஸ்டன், ரிங், பின், கிளிப் புதுசு போட்டேன். 0.5 பார் காற்று ஏற்றினேன், கேஜ் ஊசி அசையவே இல்லை, சோப்பு நுரையும் வரவில்லை. வேக்குவம் இழுத்தேன், கண் முன்னாலேயே ஊசி இறங்கியது. ஃப்ளைவீல் பக்கத்துச் சீல். கழற்றினால் உதடு பிளாஸ்டிக் போல விறைத்துப் போயிருக்கிறது. இரண்டு பக்கமும் புதுச் சீல் போட்டு மறுபடி இழுத்தேன், இப்போது நிற்கிறது.

பெட்ரோல் குழாய், ஃபில்டர், கார்புரேட்டர் டயஃப்ரம் மூன்றும் மாற்றினேன். பழைய டயஃப்ரத்தைத் தட்டினால் தகடு மாதிரி சத்தம். இனி கார்புரேட்டர் எப்படி வைப்பது? ஆயில் எவ்வளவு கலப்பது?

பழையபட்டறை (கோல கங்சார்)

கை கொடு தம்பி. அந்தச் சீல்தான் உன் மாமா மெஷினைக் கொன்றது.

ஸ்டில் சொல்வது, தன்னுடைய ஆயில் என்றால் 50-க்கு 1, அதாவது ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லி. வேறு டூ-ஸ்ட்ரோக் ஆயில் என்றால் 25-க்கு 1, லிட்டருக்கு 40 மில்லி. அளவுக் குப்பியில் அளந்து ஊற்று. கலந்ததை மாதக்கணக்கில் வைத்திருக்காதே.

கார்புரேட்டரில் எல் (மெதுவான ஓட்டத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) திருகு இரண்டையும் மெதுவாக உட்காரும்வரை மூடி, ஒரு சுற்று திற. எஞ்சின் சூடான பிறகு, ஆக்ஸிலரேட்டர் கொடுத்ததும் தயங்காமல் எழும்வரை எல் திருகைத் திருத்து. செயின் நின்ற இடத்தில் சுற்றாத அளவுக்கு ஐடலை வை. எச்-ஐ முழு வேகத்தில் காதால் பார்க்க வேண்டும். மரத்தைத் தொடாமல் முழுக்கக் கொடுக்கும்போது லேசாகத் திக்கித் திக்கி ஓட வேண்டும், மரத்தில் வைத்ததும் அந்தத் திக்கல் நீங்கிச் சீராக வேண்டும். வெறும் ஓட்டத்திலேயே கணீர் என்று கத்தினால் கலவை மெலிவு, உடனே கொஞ்சம் திற. புது ரிங் உட்காரும்வரை, முதல் சில டேங்க், கலவையை இன்னும் சற்றுத் தடிப்பாகவே (பெட்ரோல் கூடுதலாக) விடு. பிளக் இடைவெளி 0.5 மி.மீ.

புதுச் செயின் போடும்போது ஸ்ப்ராக்கெட்டையும் பார். பல்லில் செயின் குழி பறித்திருந்தால் மாற்று. தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினை இழுத்து நீட்டிவிடும். இரண்டு செயினுக்கு ஒரு ஸ்ப்ராக்கெட் என்று வைத்துக்கொள். பாரை ஒவ்வொரு தடவையும் தலைகீழாகத் திருப்பி மாட்டு, இரண்டு ஓரமும் ஒன்று போலத் தேயும்.

நேர்வழி (ஈப்போ)

சரி, 038 விஷயத்தில் நான் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். இந்தச் செலவுக்கு இது நியாயம்தான். 070-ஐ என்ன செய்வதாக உத்தேசம்? 106 சிசி, கையில் பிடித்தாலே தோள் இறங்கிவிடும்.

மரவெட்டி பகாவ் (பகாவ்)

070-ஆல் நிற்கும் மரத்தை வெட்ட வேண்டாம் தம்பி. பழைய 070 பலவற்றில் செயின் பிரேக் கிடையாது. மூக்கு எங்காவது இடித்துத் தூக்கியடித்தால் நிறுத்த ஒன்றும் இல்லை. அதிர்வும் கடுமை, ஒரு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். ஆனால் தரையில் கிடக்கும் பெரிய அடிமரத்தைத் துண்டு போடவும், சட்டத்தில் மாட்டிப் பலகை அறுக்கவும் அதற்கு இணை இல்லை. வேகமாகச் சுற்றாது, ஆனால் என்ன அழுத்தினாலும் நிற்காது. மெதுவாக இழுக்கும் இந்த மாதிரி மெஷினுக்குப் பெரிய பல் ஒத்துவரும், அதனால்தான் .404, 1.6 மி.மீ.

பழையபட்டறை (கோல கங்சார்)

பகாவ் அண்ணன் சொன்னதுக்கு ஒரு வார்த்தை சேர்க்கிறேன். சிலர் 070-இல் ஸ்ப்ராக்கெட்டை மாற்றி 3/8 ஓட்டுகிறார்கள், செயின் கிடைப்பது எளிது என்று. எனக்கு உடன்பாடு இல்லை. அந்த இழுப்புக்கு .404-இன் தடித்த இணைப்பும் பெரிய ரிவெட்டும்தான் பாதுகாப்பு.

பார் வாங்கும்போது மூக்கில் சக்கரம் இல்லாத ஹார்ட் நோஸ் பார் கிடைத்தால் அதையே எடு. மூக்கு ஓரத்தில் கடினமான உலோகத்தைப் பற்றவைத்திருப்பார்கள். சக்கரம் இல்லாததால் மூக்குக்குப் பிட்ச் கணக்கே கிடையாது, கேஜ் மட்டும் சேர்ந்தால் போதும். மண்ணும் நாரும் புகுந்து கெட பேரிங்கும் இல்லை. கொஞ்சம் சூடாகும், அதனால் ஆயில் தாராளமாக வர வேண்டும், செயினைச் சக்கர மூக்கில் இறுக்குவதைவிடச் சற்றுத் தளர்வாக விட வேண்டும்.

எஞ்சினுக்கும் அதே வேக்குவம் சோதனை செய். பொறி வருகிறது, கயிறு கனமாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாதே. பல வருஷம் சும்மா கிடந்த மெஷினில் சீல்தான் முதலில் விறைக்கும்.

தாப்பா கடை அக்கா (தாப்பா)

தம்பி, 3002 வால் போட்ட 30 இஞ்ச் ஹார்ட் நோஸ் பார் ஒன்று கடையில் இருக்கிறது, 1.6 கேஜ். .404 செமி சிசல் ரோலும் இருக்கிறது. டிரைவ் லிங்க் எண்ணிக்கையை இங்கே எழுத்தில் சொல்ல மாட்டேன். 070-இல் எந்த ஸ்ப்ராக்கெட் மாட்டியிருக்கிறதோ அதைப் பொறுத்து மாறும். மெஷினையே லோரியில் போட்டு எடுத்து வா. பாரை மாட்டி, டென்ஷன் திருகை முழுக்க உள்ளே விட்டு, செயினைச் சுற்றிப் பிடித்துப் பார்த்து அங்கேயே வெட்டுகிறேன். பின்னால் செயின் நீளும்போது இழுக்கத் திருகில் இடம் வேண்டும் இல்லையா?

அந்த .325 செயினையும் கையோடு கொண்டு வா. வாங்கிய கடையில் மாற்றிக் கொடுக்காவிட்டால், இங்கே மலிவு மெஷின் வைத்திருப்பவர்கள் யாருக்காவது ஐந்து லிங்க் எடுத்துவிட்டு 76-ஆக ரிவெட் அடித்துக் கொடுத்துவிடலாம். முதலில் கேஜை மட்டும் பார்த்துக்கொள்வோம்.

கித்தாக்காடு (சுங்கை சிப்புட்)

கேஜ் 1.5 அக்கா. இப்போதுதான் அளந்தேன். சனிக்கிழமை காலையில் 070-ஓடு வருகிறேன், 038-க்கு 3/8, 1.6, 72 செமி சிசல் இரண்டும் அதற்கு ஒரு ஸ்ப்ராக்கெட்டும் எடுத்து வையுங்கள்.